தொண்ணூற்று நான்கு வீதம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் கடையின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவது, பலீலுக்கு வாப்பா காலத்திலிருந்து வந்த பழக்கம். வாப்பா அந்த இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். "தொழுகைக்குப் போற நேரம் கடையில ஒரு பல்பும் எரியப்படாது மகன். எரிஞ்சா நம்மட மனசும் அங்கதான் எரியும்" என்பார். வாப்பா மௌத்தாகி, பலசரக்கும் போய், அதே கடையில் பலீல் டெலிபோன், போட்டோக் கொப்பி, டைப்பிங், படம் பிடித்தல் என்று கொமியுனிகேஷன் தொடங்கி ஒன்பது வருடமாகிவிட்டது. கடையில் எல்லாம் மாறியது. பலீலின் கை மட்டும் மாறவில்லை. பாங்கு காதில் விழுந்தால் அது தானாகவே உயர்ந்து கதவோரத்துச் சுவிட்சைத் தேடும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஜூன் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் உயர்ந்தது.

அன்று காலையில் கடையின் ஒரே கணினியில் சந்திரகாந்தா லினக்ஸ் ஏற்றத் தொடங்கியிருந்தாள். மேல்மலைத் தோட்டத்துப் பெண். வயது இருபத்து நான்கு. கடையில் டைப்பிங் வேலை முழுவதும் அவளுடையது. மாத்தளையில் அந்த நாட்களில் யாராவது ஒருவர் பென் டிரைவைக் கொண்டுவந்து குத்தினால் போதும், ஊரிலுள்ள வைரஸ் அத்தனையும் கூடவே இறங்கும். கடிதங்கள் காணாமல் போகும், படங்கள் திறக்காது. வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாக வந்த லினக்ஸ் சீடி ஒன்றை அவள் மூன்று மாதமாக மேசை லாச்சிக்குள் வைத்திருந்தாள். அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து, பயந்து, திரும்ப வாசித்து, கடைசியில் பலீலிடம் கேட்டாள்.

"விண்டோஸ அழிக்க மாட்டேன் முதலாளி. அத கொஞ்சம் சுருக்கி ஒதுக்கிட்டு, பக்கத்துலயே இதுக்கு ஒரு எடம். போடுறப்ப ரெண்டுல எது வேணும்னு கேக்கும். வைரஸ் வந்தாலும் இதுல ஏறாது."

"ரெண்டு பொஞ்சாதி கட்டின மாதிரி ஈக்கிதே பிள்ள. சண்ட வராதா?"

"வராது. ஒரு நேரத்துல ஒருத்தர் கையிலதான் வீட்டுச் சாவி."

பலீல் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் உத்தரவும் கிடைத்தது.

பதினொன்றே கால் மணிக்கு வேலை ஆரம்பமானது. பதினொன்றே முக்காலுக்கு, டைப் செய்து முடித்த விண்ணப்பங்களை அரசாங்கக் கச்சேரியில் ஒப்படைக்க அவள் புறப்பட்டபோது, திரையில் ஒரு நீலக் கோடு நூற்றுக்குப் பதினைந்து வீதம் என்று காட்டிக்கொண்டு நின்றது.

"இப்பதான் விண்டோஸ சுருக்கிக்கிட்டு இருக்கு. ஆபத்தான எடம். யூபிஎஸ் பெட்டரியும் செத்துக் கெடக்கு. யாரும் தொட வேணாம் முதலாளி, தானா முடியட்டும்."

"நான் ஏன் தொடப்போறன்? நீ போ."

அவள் போன பிறகு பலீல் கணினிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்பத்து மூன்று வயதுக்காரர் அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது, அறுபத்திரண்டு, எண்பத்தொன்று. அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். பாங்கு கேட்டது. எழுந்து கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டு வந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு கடைசியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு. அதற்குக் கீழே பூட் லோடர் என்று ஏதோ ஓர் ஆங்கில வரி. இன்னும் ஆறுதான் என்று நினைத்தபடியே கதவைச் சாத்தத் திரும்பினார். கை உயர்ந்தது. மெயின் சுவிட்ச் 'டக்' என்று இறங்கியது.

அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தார். திரை கறுத்துக் கிடந்தது. அவசரமாகச் சுவிட்சை ஏற்றினார், கணினியின் பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. வேறொன்றும் வரவில்லை.

பள்ளியில் குத்பாப் பிரசங்கம் என்ன சொன்னது என்று அன்று அவரிடம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது. தொழுது முடித்து வந்தபோது சந்திரகாந்தா கடை வாசலில் நின்றாள். உள்ளே போய்த் திரையைப் பார்த்தவள் முகம் வெளுத்தது.

"கரண்ட் போச்சா முதலாளி?"

கேள்வியிலேயே பதில் ஒன்று தயாராக இருந்தது. அதை எடுத்துக்கொள்வது மட்டுந்தான் வேலை.

"ஓ... போய் வந்திச்சு" என்றார் பலீல்.

தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூது செய்த இடத்தில் பாயின் தடம் கூட இன்னும் மறையவில்லை. பள்ளியின் நலன்புரிச் சபைக்குச் செயலாளர் அவர். காணிச் சண்டையானாலும் குடும்பச் சண்டையானாலும், 'பலீல் நானா ஒரு வார்த்த சொன்னா சரி' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்ட வாய் சொன்ன வார்த்தை அது. பெரிய பொய்கள் சொல்வதற்கு மனிதனுக்குத் துணிச்சல் வேண்டும். சின்னப் பொய்க்கு ஒன்றுமே வேண்டாம். கதவு திறந்தே கிடக்கும்.

"நான் போயிருக்கக் கூடாது" என்றாள் சந்திரகாந்தா. "கூடவே இருந்திருக்கணும். பெட்டரி செத்ததுன்னு தெரிஞ்சும் செஞ்சது என் தப்பு."

"விடு பிள்ள. பாப்பம்."

*

மூன்று மணிக்குச் சுந்தரம்மா வந்தாள்.

சுந்தரம்மாவும் மேல்மலைத் தோட்டந்தான். சந்திரகாந்தா இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு அடுத்த லயம். அவளுடைய ஒரே மகன் மாடசாமி கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மே மாதத்து இராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றில் அடையாள அட்டை இல்லாமல் அகப்பட்டான். அட்டைக்கு எழுதிப்போட்டு இரண்டு வருடமாக வராத பிள்ளைகள் தோட்டத்தில் எத்தனையோ பேர். ஆனால் அவனுக்கு எதிராக எழுதப்பட்டது அது மட்டுமல்ல. மாசி மாதத்தில் அவன் வன்னியில் ஆயுதப் பயிற்சி எடுத்தான் என்று யாரோ சொன்னார்களாம். மாசி மாதத்தில் அவன் மாத்தளையில், அம்மன் தேர்த் திருவிழாவில், காவடி எடுத்து ஆடிக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் பலீலின் கடையிலிருந்துதான் கொழும்புச் சட்டத்தரணி நல்லையாவோடு பேசுவாள். அன்று பேசிக்கொண்டிருந்தவள் ரிசீவரைப் பலீலிடம் நீட்டினாள்.

"உங்ககிட்ட பேசணுமாம் முதலாளி."

"தம்பி, தேர்ப் படங்கள் நீங்கள்தானே எடுத்தது?" நல்லையாவின் குரல் அவசரமாக இருந்தது. "பிரிண்ட் ஒண்டு அம்மா கொண்டுவந்து காட்டினவ. அது காணாது. எந்த வருசத்துப் படமெண்டும் சொல்லலாம். உங்கட கொம்பியூட்டரில இருக்கிற ஒரிஜினல் ஃபைலுக்குள்ள எடுத்த நாள், நேரம் எல்லாம் இருக்கும். அதைச் சீடியில போட்டு, நான்தான் எடுத்தன் எண்டு ஒரு சத்தியக் கடதாசியும் தாங்கோ. திங்கட்கிழமை பத்து மணிக்கு வழக்கு. அண்டைக்கு அது என்ர கையில இல்லாட்டி இன்னும் பதினாலு நாள் அவனை அவங்கட காவலில விட வேண்டியதுதான். அந்த இடத்தில பதினாலு நாள் எண்டா என்னெண்டு நான் சொல்லத் தேவையில்லை."

"கொம்பியூட்டர்... கொஞ்சம் கோளாறா ஈக்கிது" என்றார் பலீல்.

"திருத்துங்கோ" என்றது குரல்.

படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. கெமரா கார்டைத் தேருக்குப் பிறகு எத்தனையோ கலியாணங்களுக்காக அழித்து அழித்துப் பாவித்தாயிற்று. சந்திரகாந்தா சுந்தரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுந்தரம்மா அழவில்லை. அவளுக்கு அந்த ஒரு மாதத்தில் கண்ணீர் தீர்ந்துபோயிருந்தது.

"அட, கரண்ட் போனதுக்கு நீ என்னாடி பண்ணுவ? யாரு வேணும்னா செஞ்சாங்க?" என்று அவளைத் தேற்றினாள். பிறகு பலீலைப் பார்த்து, "முதலாளி எப்படியாச்சும் எடுத்துக் குடுத்துருவாரு. மாரியாத்தாவும் அவங்க அல்லாவும் சும்மாவா இருப்பாங்க?" என்றாள்.

பலீல் கொப்பி மெஷினில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

*

சனிக்கிழமை காலை பலீலும் சந்திரகாந்தாவும் கணினிப் பெட்டியை உடுத்துப் பழசான ஒரு சாரத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டு கலேவெலவுக்கு பஸ் ஏறினார்கள். அங்கே ஸக்கரியா என்று ஒருவன் கணினி வகுப்பு நடத்துகிறான். பலீலுக்குத் தூரத்துச் சொந்தம். மாத்தளையில் யாருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரியும் என்று பெயர்.

அலுவிகாரைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சாரத்தை அவிழ்க்கச் சொன்னார்கள். பெட்டியின் மூடியையும் கழற்றச் சொன்னார்கள். சந்திரகாந்தாவின் அடையாள அட்டையை ஒரு சிப்பாய் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவளை வெயிலில் தனியாக நிற்கவைத்தான். பலீல் சிங்களத்தில் விளக்கம் சொன்னார். கால் மணி நேரமாயிற்று, பஸ்ஸிலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் போகச் சொன்னபோது, மூடியைத் திரும்பப் பூட்டத் திருகாணி ஒன்றைக் காணவில்லை. அவளைவிட வயது குறைந்த இன்னொரு சிப்பாய், துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்து, சரளைக் கல்லுக்குள் தேடி அந்த ஆணியை எடுத்துக் கொடுத்தான். பெட்டியைத் தானே தூக்கி பஸ் படியில் வைத்தான். "நங்கி, பரிஸ்ஸமின்" என்றான். கவனமாகக் கொண்டு போ தங்கச்சி என்று. இறைவனுடைய கருணை எந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஸக்கரியா பெட்டியை இணைத்து, மின்னும் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இந்தக் கோடு ரெண்டு விதத்துல வரும் நானா" என்றான். "விண்டோஸ சுருக்குற நேரம் கரண்ட் போயீந்தா, உள்ள ஈக்கிற சாமானெல்லாம் பாதி பழைய எடத்துல, பாதி புது எடத்துல கெடக்கும். அதுல நான் கைய வெச்சா மிச்சமும் போயிரும். கடைசிக் கட்டத்துல போயீந்தா கத வேற. வாசல் மட்டும்தான் ஒடஞ்சிருக்கும், வீடு நல்லா ஈக்கும். வாசலத் திருப்பிக் கட்டுறது பத்து நிமிஷ வேல." சந்திரகாந்தாவிடம் திரும்பினான். "தங்கச்சி, நீங்க கடைசியாப் பாக்கக்குள்ள எத்தன வீதம்?"

"பதினஞ்சு. சுருக்கிக்கிட்டு இருந்திச்சு."

ஸக்கரியா உச்சுக் கொட்டினான். "அப்ப சரியான மோசம்."

"தெறந்து மட்டும் பாக்க முடியாதுங்களா?"

"தெறக்கிறதே சில நேரம் உள்ள எழுதிப்போடும். ஒரு மனுசன்ட உயிர் இதுல ஈக்கிதெண்டு சொல்றீங்க. கண்ணால பாத்த நீங்க பதினஞ்செண்டு சொல்லக்குள்ள நான் எப்படித் துணியுற? டிஸ்க்க கொழும்புக்கு அனுப்பி வெளியால எடுக்கோணும். பத்து நாள் போகும்." பிறகு எதேச்சையாகக் கேட்டான்: "கரண்ட் போற நேரம் வேற யாரும் பக்கத்துல இருக்கல்லயா நானா?"

தொண்ணூற்று நான்கு என்ற எண் பலீலின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். எப்படிப் பார்த்தீர்கள், எப்போது போனது, ஏன் நேற்றே சொல்லவில்லை? சந்திரகாந்தா இரவெல்லாம் தூங்காத கண்ணோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது தொண்ணூற்று நான்குதானா, எழுபத்து நான்கா? இங்கிலீஷில் எழுதியிருந்ததை நான் என்ன கண்டேன்? தெரிந்தவன் சொல்கிறான், தெரியாத நான் ஏன் குழப்ப வேண்டும்? மனது ஒன்றன் பின் ஒன்றாக நியாயங்களைக் கொண்டுவந்து அடுக்கியது.

"நான் பள்ளிக்குப் போயிட்டேனே" என்றார்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால்தான் அது முந்தியதைவிடப் பெரிய பொய்.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பஸ்ஸில் சந்திரகாந்தா ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தாள். "சுந்தரம்மாக்கா மொகத்துல நான் எப்படி முதலாளி முழிப்பேன்?" பலீல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

*

ஞாயிறு விடியற்காலைச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பலீல் தேத்தண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி ஸைனம்பு அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா என்னத்த முழுங்கி வெச்சீக்கிறீங்க?" என்று அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

அவர் சொன்னார். சுவிட்ச், தொண்ணூற்று நான்கு, ஜும்ஆ முடிந்து வந்து சொன்னது, கலேவெலவில் சொல்லாமல் விட்டது. ஸைனம்பு அப்பச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, அடுப்பையும் அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கை செஞ்சதுக்கு அல்லாஹ் உங்களப் பிடிக்க மாட்டான். அது மறதி. வாய் செஞ்சது மறதியில்ல." குரலை உயர்த்தவில்லை. "அந்தப் புள்ள ரெண்டு நாளா உங்கட பாவத்தத் தலையில தூக்கிக்கிட்டுத் திரியிது. எழும்பி போன எடுங்க."

ஸக்கரியாவின் தொலைபேசி அடைத்திருந்தது. குருநாகலில் கலியாணம், குடும்பத்தோடு போயிருக்கிறார்கள், பின்னேரம் வருவார்கள் என்றார் போனில் கிடைத்த அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர். பலீல் தோட்டத்துக்கு ஓடினார். சுந்தரம்மாவின் காம்பரா பூட்டிக் கிடந்தது. முதல் பஸ்ஸிலேயே கொழும்புக்குப் போய்விட்டாளாம். மகனுக்குப் பிடிக்குமென்று கொஞ்சம் முறுக்கும், கையிலிருந்த அந்த ஒரு பிரிண்ட் படமும் கொண்டு போயிருக்கிறாளாம்.

அடுத்த லயத்து வாசலில் சந்திரகாந்தா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் நின்றபடியே சொன்னார். அவள் கையிலிருந்த ஈரத் துணியைக் கீழே விடவும் இல்லை, கொடியில் போடவும் இல்லை.

"நேத்து ஸக்கரியாண்ணன் கேட்டப்ப நீங்க பக்கத்துல நின்னீங்க" என்றாள்.

"ஓ."

"பத்து நிமிஷ வேலைன்னு சொன்னாரு. நீங்களும் கேட்டீங்க."

"கேட்டேன் பிள்ள."

"ராத்திரி பூரா சாமிகிட்ட என்னைய மன்னிச்சுருன்னு கேட்டேன் முதலாளி." துணியை உதறினாள், தண்ணீர் அவர் முகத்தில் தெறித்தது. "நாளைக்கு நானும் வாரேன் கலேவெலவுக்கு. உங்களத் தனியா நம்பி விட மாட்டேன்."

ஸக்கரியா பின்னேரமும் கிடைக்கவில்லை. கலியாண வீட்டில் தங்கிவிட்டான். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் அவனுடைய வகுப்பு வாசலில் இருவரும் நின்றார்கள். அவன் ஒன்பதே முக்காலுக்கு வந்து கதவைத் திறந்தான். பலீல் அங்கேயே, தெருவில் நின்று, தான் பார்த்ததைச் சொன்னார். ஸக்கரியா அவரை ஒரு தடவை பார்த்தான். கேட்க வந்ததைக் கேட்காமல் உள்ளே போனான். அந்த மௌனம் அவன் செய்த தயவு.

சீடியைப் போட்டான். நாலைந்து வரிகள் அடித்தான். டிஸ்க்கின் முதல் துண்டில் பாதி எழுதி நின்றுபோன லினக்ஸின் வாசலை அழித்துவிட்டு, பழைய விண்டோஸின் வாசலைத் திரும்ப எழுதினான். நிறுத்திப் போட்டான். கண் சிமிட்டிய கோடு மறைந்து, பழக்கமான அந்த நீலத் திரை எழுந்தது. ஒன்பது நிமிடந்தான். சந்திரகாந்தா மவுஸைப் பிடுங்கிப் படங்களைத் தேடினாள். தேர், தவில்காரர்கள், பால்குடங்கள். மாடசாமி மூன்று படங்களில் இருந்தான். காவடிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. படத்தின் விபரத்தைத் திறந்தாள். மாசித் தேரின் நாள், மணி, நிமிடம் எல்லாம் அப்படியே இருந்தன.

சுவரில் மணி பத்தேகால்.

நல்லையாவின் தொலைபேசி பதினொன்றரைக்குத்தான் வேலை செய்தது. "பத்து மணிக்கே எடுத்திட்டினம்" என்றார். "ரெண்டு நிமிசம் கூட எடுக்கேல்லை. பதினாலு நாள்."

*

சுந்தரம்மா திரும்பி வந்த அன்றே பலீல் அவளிடம் போனார். காம்பரா வாசற்படியில் அவள் இருந்தாள். பலீல் எல்லாவற்றையும் சொன்னார். கோபம் வந்து திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அது நடந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"என்னால அவன்கிட்ட இத சொல்ல முடியாது முதலாளி" என்றாள் கடைசியில். "அவன் வந்தா நீங்களே சொல்லுங்க."

அந்தப் பதினான்கு நாளும் பலீல் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார். சீடியையும் சத்தியக் கடதாசியையும் தானே கொழும்புக்குக் கொண்டு போய் நல்லையாவின் கையில் கொடுத்தார். 'நான் சத்தியமாகவும் உண்மையாகவும் கூறுவதாவது' என்ற வரிக்குக் கீழே ஒப்பமிட்டபோது அவருடைய பேனா ஒருமுறை நின்றுதான் எழுதியது. பள்ளிச் சபையில் செயலாளர் பதவியை விட்டார்; காரணம் கேட்டவர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றார். இன்னொரு பொய் என்று வீட்டுக்கு வரும் வழியில் உறைத்தது. அவரால் இன்னும் எல்லோருக்கும் சொல்லிவிட முடியவில்லை. பாவம் செய்தவன் திருந்துகிற வழி நேரான வழியல்ல. நடுவில் பலமுறை உட்கார்ந்துதான் போக வேண்டியிருக்கிறது.

அடுத்த தவணையில் நீதவான் படத்தின் நாளையும் நேரத்தையும் பார்த்தார், கேள்விகள் கேட்டார், மாடசாமியை விடுதலை செய்தார்.

அவன் ஊருக்கு வந்த நாலாம் நாள் தாயோடு கடைக்கு வந்தான். இருபத்திரண்டு வயதுப் பையன் சுவரோரம் பார்த்து மெதுவாக நடந்தான். சுந்தரம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள். அவன் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பலீல் பக்கத்தில் உட்கார்ந்து, கொப்பி எடுக்க நின்றவர்களுக்குக் கேட்காமல், தணிந்த குரலில், ஒன்றையும் விடாமல் சொன்னார். மாடசாமி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். பலீல் முடித்துவிட்டுக் காத்திருந்தார். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

சந்திரகாந்தா கணினியை விட்டு எழுந்து வந்தாள். "முதலாளி... அந்தக் காது."

மாடசாமி திரும்பினான். "ஏதும் சொன்னீங்களா முதலாளி? எடது பக்கம் கேக்காது. இங்கிட்டு வாங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, இதுலயும் இரைச்சலாத்தான் இருக்கு."

பலீல் எழுந்து மறுபக்கம் போனார். அதற்குள் மேசையருகே நாலு பேராகிவிட்டார்கள். அதில் ஒருவர் பள்ளித் தலைவர் றஹீம் ஹாஜியார். கொப்பி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே, ஊருக்கே கேட்கும்படி, பலீல் முதலிலிருந்து சொன்னார். கரண்ட் போகவில்லை, சுவிட்சை இறக்கியது நான், கரண்ட் என்று சொன்னதும் நான், தெரிந்துகொண்டே கலேவெலவில் வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான், இல்லாவிட்டால் சனிக்கிழமையே சீடி கொழும்புக்குப் போயிருக்கும். ஹாஜியாரின் கையில் நீட்டிய கடதாசி நீட்டியபடியே இருந்தது.

மாடசாமி யோசித்துக்கொண்டிருந்தான்.

"கை பழக்கத்துல எறக்கிருச்சு. சரி" என்றான். "அப்புறம் வாய்?"

"வாய்க்குப் பழக்கமில்ல மகன். அது நான்தான்."

"அம்மா நாள் சொல்லிச்சா உங்களுக்கு?"

"எந்த நாள்?"

"காதுல அடி விழுந்த நாளு." அவன் விரலால் எண்ணினான். "வழக்குத் தள்ளிப் போச்சில்ல, அதுக்கு மூணாம் நாளு. அதுவரைக்கும் சும்மா அடிதான்."

மெஷின் கடைசித் தாளைத் தள்ளிவிட்டு நின்றது. பலீல் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அவன் முகத்தைப் பார்க்காமல் தப்பிவிடலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாடசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தான். "புதன்கிழமை காது கிளினிக். டொக்டர் சிங்களத்துலதான் கேப்பாராம். அம்மாவுக்குச் சிங்களம் வராது. எனக்கு வரும், ஆனா என்னா கேக்குறாங்கன்னு காதுல விழ மாட்டேங்குது. நீங்க வந்து கேட்டுச் சொல்றீங்களா?"

"வாறேன்."

"ஒவ்வொரு மாசமும் வரச் சொல்லியிருக்காங்க."

"வாறேன் மகன்."

"ஏழு மணிக்கு நம்பர் குடுப்பாங்க."

புதன்கிழமை காலை ஆறு மணிக்கே பலீல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். மாடசாமி வந்ததும் அவனுடைய வலது பக்கத்துக்குப் போய் வரிசையில் நின்றுகொண்டார்.